யாரும் ஜன்னலைத் திறக்கக் கூடாது

அம்மாவுக்கு வெயில் ஆகாது. மற்றவர்களுக்கு வெயில் என்றால் வியர்க்கும், எரிச்சல் வரும், தர்பூசணியைப் பிளந்து தின்றுவிட்டுத் தூங்குவார்கள். என் அம்மாவுக்கு உடம்பு சூடேறினால் வலது கண் மங்கும். அப்புறம் கால்கள் இரண்டும் வேறு யாருடையவையோ மாதிரி ஆகிவிடும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். உடம்பு குளிர்ந்ததும் எல்லாம் திரும்ப வந்துவிடும், பயப்படாதே என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஒருநாள் திரும்ப வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்காகத்தான் அப்பா போன வருஷம் ஏசி வாங்கி மாட்டினார். அப்பாவுக்கு ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில் கட்டட வேலை. நானும் அம்மாவும் இங்கே நிஷ் நகரத்தில், நாலாவது மாடியில். பக்கத்துத் தெருவில் ஒலிவேரா பெரியம்மா. அவர் தினமும் காலையில் வருவார், எங்கள் இருவரையும் திட்டுவார், சமைப்பார், மறுபடி திட்டுவார். அம்மாவுக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருவதும் அவர்தான்.

யாரிடமும் நான் இதை முழுசாகச் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

போன கோடை முழுக்க ஏசி ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. இந்த ஆகஸ்டில், ஊரே வாணலி மாதிரி காய்ந்த சமயத்தில், மதியமானால் நின்றுபோக ஆரம்பித்தது. டிவி, மின்விசிறி, ஏசி மூன்றும் ஒரே நொடியில் செத்துவிடும். கரண்ட் அதிகமாக இழுத்தால் தானாக அணைகிற சுவிட்ச், அந்தப் பிரேக்கர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுப் பிரேக்கரும் கீழே நுழைவாசலில் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கின்றன. யாரோ செம்புக் கம்பியைத் திருடிக்கொண்டு போனதிலிருந்து அலமாரிக்குப் பூட்டு. சாவி ஜிவாதின் மாமாவிடம். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர், இரண்டாம் மாடி. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஓய்வு நேரம். அந்த நேரத்தில் யாரும் துளை போடக் கூடாது, பியானோ வாசிக்கக் கூடாது, முக்கியமாக ஜிவாதின் மாமாவின் மணியை அடிக்கக் கூடாது.

ஏசி நிற்பதோ எப்போதும் அந்த நேரத்தில்தான்.

திங்கட்கிழமை நான் ரொட்டிக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீடு அமைதியாக இருந்தது. ஃபிரிட்ஜ் தவிர எதுவும் ஓடவில்லை. "அம்மா?" என்றேன். குளியலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரில், தலையில் ஈரத் துண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு முழம் தள்ளி, கதவு நிலையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்னுமில்லடி. தண்ணி பிடிக்க வந்தேன், காலு மடங்கிடுச்சு. ஐஸு எடுத்துட்டு வா."

"எத்தன நேரமா இங்கயே உக்காந்திருக்க?"

"இப்பதான்."

துண்டு பாதி காய்ந்திருந்தது. நான் படியில் இறங்கி ஓடி ஜிவாதின் மாமாவின் மணியை அடித்தேன். ஓய்வு நேரம் என்று தெரிந்தே அடித்தேன். விடவே இல்லை.

கட்டம் போட்ட பைஜாமாவில் வந்து கதவைத் திறந்தார். "தீப்பிடிச்சிடுச்சா?"

"இல்ல மாமா. பிரேக்கர் விழுந்துடுச்சு. அம்மாவுக்குக் கண்ணு தெரியல."

சாவியைக் கொடுத்தார், அதை மறுக்க முடியாது. ஆனால் நான் பிரேக்கரைத் தூக்கிப் போட்டதும், மேலே ஏசி மறுபடி கிளம்பியிருக்கும், அந்த நொடியே அது மறுபடி விழுந்தது. இந்த முறை எங்கள் மாடிக்கான பெரிய ஃபியூஸையும் சேர்த்துக்கொண்டு. எதிர் வீட்டு பெர்ஸா அக்கா தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு படியில் தோன்றினார்.

"என் ஃப்ரீஸர்! அதுல ஒரு முழு ஆடு இருக்கு! டுன்யா, உங்க மெஷின் எங்க எல்லாரையும் கொளுத்திட்டுத்தான் ஓயுமா?"

"இதத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஜிவாதின் மாமா, பைஜாமாவின் கயிற்றை இறுக்கிக்கொண்டு. "தினம் தினம் விழுதுன்னா உள்ள ஷார்ட் இருக்கு. ஷார்ட் இருந்தா ஒருநாள் தீ. சனிக்கிழம அஞ்சு மணிக்குக் கூட்டம். அந்த ஏசியக் கழட்டணும்னு ஓட்டுப் போடுவோம்."

"அம்மாவுக்கு அது இல்லாம முடியாது மாமா."

"பாவம்தான் பொண்ணே. ஆனா இந்தக் கட்டடத்துல முப்பது வீடு இருக்கு."

படியேறும்போது கால் இரண்டு முறை தடுக்கியது. அம்மாவுடைய நோய் எனக்கும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்படியெல்லாம் வராது, தெரியும். இருந்தாலும் நினைத்தேன்.

பெரியம்மா செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் சிரா மாஸ்டரைக் கூட்டிவந்தார். மெலிந்த ஆள், காதில் பென்சில், எப்போதும் கையில் பற்றவைக்காத ஒரு சிகரெட். வீட்டுக்கு மாஸ்டர் வந்தால் முதலில் காப்பி. காப்பி என்றால் சிகரெட். சிகரெட் என்றால் பால்கனி. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான்.

எங்கள் பால்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு அப்பா வந்தபோது, லின்ஸில் இடித்த ஓர் அலுவலகத்தின் ஜன்னல்களை வேன் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார். லீவு முழுவதும் தூங்காமல் அந்த ஜன்னல்களை வைத்துப் பால்கனியை மூன்று பக்கமும் அடைத்தார். "ஆஸ்திரியாக் கண்ணாடி. ரெட்டைக் கண்ணாடி. எறும்பு மூச்சு விட்டாக்கூட உள்ள வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கட்டடமே வந்து பார்த்தது. ஜிவாதின் மாமா விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "டோப்லிட்சா, நீ தங்கக் கையன்யா" என்றார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் திரும்பிப் போன பிறகு அம்மா அங்கே அலமாரி போட்டு ஊறுகாய், ஜாம், வறுத்த மிளகாய் விழுது எல்லாவற்றையும் அடுக்கினார். டிசம்பரில் வரும் எங்கள் குடும்பப் புனிதரின் நாளில் ஏற்றுவதற்காகப் பெரியம்மா மடத்திலிருந்து வாங்கிவந்த பெரிய தேன்மெழுகு மெழுகுவத்தியும் அந்த அலமாரியில்தான் நின்றது.

சிரா மாஸ்டர் பால்கனிக்கு வந்ததும் ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டுக் காப்பி குடித்தார். உள்ளே ஏசி ஓடியது. ஆட்டுக்குட்டி மாதிரி, சாதுவாக, ஒரு மணி நேரம் ஓடியது. மாஸ்டர் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார், கீழே போய்ப் பிரேக்கரைப் பார்த்தார், திரும்பி வந்து இன்னொரு சிகரெட் பிடித்தார்.

"ஏசிக்கு ஒன்னும் இல்ல சுஸானா. ஒயரும் நல்லாருக்கு. உங்களுக்குத்தான் பயம்" என்றார் அம்மாவிடம்.

"அப்ப பெரிய பிரேக்கரா மாட்டுய்யா" என்றார் பெரியம்மா. "விழாத மாதிரி ஒன்னு."

"பெரிசா மாட்டினா பிரேக்கர் விழாது, சுவத்துக்குள்ள ஒயரு எரியும். அந்த வேலைய என் மாமியாருக்குக்கூட நான் செய்ய மாட்டேன்." அதே அளவில் புதிய பிரேக்கர் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்கு முன்பே பெரியம்மா பால்கனி ஜன்னல்களை டப் டப்பென்று சாத்தினார். "குறுக்குக்காத்து! போன வருஷம் பேங்க்காரன் பொண்டாட்டிக்கு ஒரு பக்கம் வாய் கோணிப்போச்சு, ஜன்னல் திறந்து வெச்சதால. உன் அம்மா இருக்கிற நிலைமைக்குக் குறுக்குக்காத்து பட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

குறுக்குக்காற்று என்றால் இங்கே எல்லாருக்கும் பயம். பேருந்தில் நாற்பது டிகிரியில் வெந்துகொண்டிருப்பார்கள், எவனாவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் அடிக்கப் போவார்கள். எனக்கும் பயம்தான். அம்மாவின் கழுத்து நரம்பில் காற்றுப் பட்டுவிடுமோ என்று நானே பல தடவை ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

மாஸ்டர் போய் அரை மணி ஆகியிருக்கும். ஏசி நின்றது. புதன்கிழமையும் இதே கதை. மாஸ்டர் வந்தார், காப்பி, பால்கனி, சிகரெட், ஏசி ஓடியது. மாஸ்டர் போனார், ஏசி நின்றது.

"இது என்னக் கண்டாலே பயப்படுது" என்றார் மாஸ்டர். "பேசாம என் ஃபோட்டோ ஒன்னு மாட்டிவெச்சிருங்க."

பெரியம்மா அன்று மாலை குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "ஏசியக் கழட்டினா நீ இங்க இருக்க முடியாது சுஸா. நரம்பு நோயாளிங்களுக்கான அந்த மறுவாழ்வு நிலையத்துல இடம் இருக்காம். செப்டம்பர் வரைக்கும் போய் இரு. டுன்யாவ நான் பாத்துக்கறேன்." அம்மா தண்ணீர் கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. சனிக்கிழம பாக்கலாம்" என்றார். அந்த இடத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே போன அம்மாவின் தோழி ஒருத்தி, ஒரு கோடைக்கு என்று போனவள், நாலு கோடையாக அங்கேயே இருக்கிறாள்.

வியாழக்கிழமை மதியம், ஏசி நின்ற பிறகு, ஜாம் எடுக்கப் பால்கனிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. உள்ளே ஓரடி வைத்ததும் மெழுகுவத்தியைப் பார்த்தேன்.

அது குனிந்திருந்தது. ராணியைக் கண்ட வேலைக்காரன் மாதிரி, நடுவில் மடங்கி, நுனி அலமாரிப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

புனிதர் நாள் மெழுகுவத்தி முறிந்தாலோ அணைந்தாலோ வீட்டில் ஒருவர் போய்விடுவார் என்று பெரியம்மா சொல்வார். வளைந்தால் என்ன என்று அவர் சொன்னதில்லை. நான் அதை மெல்ல எடுத்து, கம்பளிச் சட்டையில் சுற்றி, என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அப்புறம் கட்டில்மேல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு எரிச்சல் வந்தது. மெழுகு எதற்காகக் குனியும்? சூட்டுக்குத்தான் குனியும். சாமி வந்து வளைத்துவிட்டுப் போகவில்லை. போன வருஷம் திறந்த பால்கனியில் இதே மாதிரி ஒரு மெழுகுவத்தி கோடை முழுக்க நின்றதே, நேராகத்தானே நின்றது?

எழுந்து திரும்பப் பால்கனிக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த தெர்மாமீட்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுபோனேன். அதில் ஐம்பது வரைதான் கோடு உண்டு. சிவப்பு ஐம்பதையும் தாண்டி மேலே முட்டிக்கொண்டு நின்றது.

அங்கே தரையில், ஜாம் அலமாரிக்கு எதிரில், ஏசியின் அவுட்டோர் யூனிட். அறைக்குள் இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற பெட்டி. போன வருஷம் அது வெளியேதான் கொட்டியது. இப்போது எங்கே கொட்டுகிறது? அப்பாவின் ஆஸ்திரியாக் கண்ணாடிக்குள். கொட்டிய சூட்டையே திரும்பவும் உறிஞ்சுகிறது, இன்னும் சூடாகக் கொட்டுகிறது. எல்லாப் பக்கமும் மூடிய போர்வைக்குள் ஓடுகிற ஆள் மாதிரி மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்க வாங்க இன்னும் கரண்ட் இழுக்கிறது. மேற்குப் பக்கம் வேறு, மதியத்துக்குப் பிறகு வெயில் முழுக்க அங்கேதான். பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்?

மாஸ்டர் வரும்போது ஏன் ஓடுகிறது? ஏனென்றால் மாஸ்டர் சிகரெட் பிடிக்கிறார். சிகரெட்டுக்காக ஜன்னலைத் திறக்கிறோம். மாஸ்டர் போனதும் குறுக்குக்காற்றுக்குப் பயந்து சாத்துகிறோம்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இதை யாரிடம் சொல்வது? அப்பா தூங்காமல் கட்டிய பால்கனிதான் அம்மாவைக் குளியலறைத் தரையில் உட்காரவைத்தது என்று சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெரியம்மா பல் டாக்டரிடம் போயிருந்தார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பால்கனி ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தேன். அறைக்கும் பால்கனிக்கும் நடுவே உள்ள கதவை இறுக்கிச் சாத்தினேன். கதவு சாத்தியிருந்தால் காற்றுப் பால்கனியோடு நின்றுவிடும், அம்மாவின் கழுத்துக்கு வராது. ஏசி ஓடியது. ஓய்வு நேரம் தொடங்கியது, ஓடியது. அம்மா சோபாவில் தூங்கினார். நான் டிவியின் சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஓடியது, ஓடியது.

திடீரென்று சிவப்பு விளக்கு அணைந்தது.

பால்கனிக் கதவைத் திறந்தேன். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. சமையலறை வழியாகப் பால்கனிக்கு இன்னொரு கதவு உண்டு. பெரியம்மா வீங்கிய தாடையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எவடி இதெல்லாம் திறந்து வெச்சது? நான் எப்பவோ வந்துட்டேன், நீ அசையவே இல்ல. நல்லவேள எல்லாத்தயும் சாத்தினேன்!"

"எப்ப சாத்தினீங்க?"

"வந்த உடனே. ஏன்?"

"பெரியம்மா, நீங்க சாத்தினதாலதான் நின்னுச்சு."

விளக்கினேன். அவர் பாதி கேட்டார். "உங்க அப்பன் கட்டினதக் குறை சொல்றியா? அவன் அங்க தனியா கெடந்து உழைக்கிறான், நீ இங்க... ஜன்னலுக்கும் கரண்டுக்கும் என்னடி சம்பந்தம்?" தாடையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குது, என்னப் பேச வைக்காத."

சொன்னால் நம்ப மாட்டார்கள். காட்டத்தான் வேண்டும்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நுழைவாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பெர்ஸா அக்கா விசிறியோடு. ஜிவாதின் மாமா அந்த வெயிலிலும் கோட் போட்டுக்கொண்டு. பெரியம்மா சொல்லி சிரா மாஸ்டரும் வந்திருந்தார். ஜிவாதின் மாமா தொண்டையைச் செருமினார். நான் முன்னால் போய் நின்றேன். என் குரல் எலிக் குரலாக வந்தது.

"ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு ஒருதரம் வாங்க. எதனால விழுதுன்னு காட்டறேன். நான் சொன்னா விழும், நான் சொன்னா விழாது."

"மந்திரக்காரியா நீ?" என்றார் பெர்ஸா அக்கா. சிரிப்பு.

ஜிவாதின் மாமா சிரிக்கவில்லை. அலமாரியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டார். "யாராவது கீழ நின்னு விளையாட்டுக் காட்டக் கூடாது பாரு. நட."

எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தார்கள். அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், உதட்டில் சாயம் பூசியிருந்தார், ஆனால் யார் வந்தது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. பெரியம்மா காப்பி போட்டார். டிவியில் நாட்டுப்புறப் பாட்டு ஓடியது. ஏசியைப் போட்டேன்.

காப்பி வந்ததும் ஆண்கள் எல்லாரும் தானாகவே எழுந்து பால்கனிக்கு நடந்தார்கள். சிரா மாஸ்டர் ஜன்னல் பிடியில் கை வைத்தார்.

"யாரும் ஜன்னலத் திறக்கக் கூடாது!"

என் குரல்தான். எலி எங்கேயோ போய்விட்டது.

"சிகரெட்டும்மா" என்றார் மாஸ்டர்.

"சிகரெட்டும் கிடையாது. எல்லாரும் இங்கயே உக்காருங்க. கதவையும் சாத்தறேன்."

"பொண்ணு எங்கள வேகவைக்கப் போறா" என்றார் ஜிவாதின் மாமா. ஆனால் உட்கார்ந்தார், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே, ஒரு மிளகாய்க் கூடைமேல். வெயில் கண்ணாடி வழியாக நேரே அவர் மடியில் விழுந்தது. அவுட்டோர் யூனிட் அவர் முழங்காலில் ஊதியது. கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றினார். பிறகு டை. பிறகு சட்டையின் மேல் பட்டன்.

சிரா மாஸ்டர் யூனிட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், தன் கையில் பற்றவைக்காத சிகரெட்டைப் பார்த்தார். மெல்ல, மிக மெல்ல, நெற்றியில் அடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

"எத்தன நேரம் இன்னும்?" ஜிவாதின் மாமாவின் மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. "அடுப்புல வெச்ச வாத்து மாதிரி இருக்கு. இந்த மெஷின் என் மேல நெருப்பா ஊதுது!"

"அது திரும்பத் திரும்ப அந்த நெருப்பத்தான் சுவாசிக்குது மாமா. உங்களுக்கே தாங்கல. அதுக்கு எப்படித் தாங்கும்?"

உள்ளே பாட்டுக்காரி உச்சஸ்தாயியில் ஒரு வரியை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி வரியில் அறுந்துபோனாள். யூனிட்டின் விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

ஜிவாதின் மாமா கோட்டை எடுத்து உள்பையைத் தடவினார். சாவி அங்கேயே இருந்தது.

"இப்ப திறங்க. எல்லா ஜன்னலையும் திறங்க!"

எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். வெளிக்காற்று உள்ளே வந்ததும் பெரிய மனிதர்கள் எல்லாரும் தலையை வெளியே நீட்டி மீன் மாதிரி வாயைத் திறந்தார்கள். நான் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னேன், பெட்டி ஆற வேண்டும், உடனே போட்டால் திங்கட்கிழமை மாதிரி மறுபடி விழும். ஜிவாதின் மாமா வேறு யாரையும் நம்பாமல் தானே நாலு மாடி இறங்கிப் பிரேக்கரைத் தூக்கிவிட்டு நாலு மாடி ஏறி வந்தார். ஏசி கிளம்பியது. பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

"வெயில் எல்லார் பால்கனியிலயும்தான் அடிக்குது" என்றார் பெர்ஸா அக்கா, இன்னும் முழுக்க விடாமல். "என்னோடதுலயும் ஏசி இருக்கு."

"உங்க அவுட்டோர் யூனிட் வெளிச்சுவத்துல தொங்குது அக்கா. எங்களோடது ஜாடிக்குள்ள மாட்டின எலி மாதிரி உள்ள இருக்கு." கட்டிலுக்கு அடியிலிருந்து மெழுகுவத்தியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். "பாருங்க."

பெரியம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். யூனிட் பக்கம் பார்த்தார். "தேவாலயத்து மெழுகு" என்றார், ஏதோ யூனிட்டிடமே சொல்வது போல. "இதையே வளைச்சிடுச்சா..." பிறகு கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, "ஆனா அந்த அறைக் கதவு மட்டும் சாத்தியே இருக்கணும்" என்றார்.

வெளியே வெயில் சாயவே இல்லை. பால்கனி பொசுங்கிக்கொண்டுதான் இருந்தது. பாட்டுக்காரி பாடினாள், வேறொருத்தி வந்து பாடினாள், செய்தி வந்தது, வானிலை வந்தது. நாற்பத்தொன்று என்றார்கள். ஏசி நிற்கவில்லை. இரண்டாவது காப்பி வந்தது. யாரும் கிளம்பவில்லை, எங்கள் வீடு மட்டும்தான் குளுகுளுவென்று இருந்தது என்பதும் ஒரு காரணம்.

அப்போது சோபாவிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஜிவாதின், உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் நூலுல தொங்குது. கழட்டிக் குடுங்க, தச்சுத் தரேன்."

ஜிவாதின் மாமா குனிந்து பார்த்தார். பட்டன் நிஜமாகவே தொங்கியது. அவர் அறையின் அந்தக் கோடியில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெரியம்மா தட்டைக் கீழே வைத்தார். அம்மா என்னைப் பார்த்தார். கதவு நிலையை இல்லை, என்னை.

ஜிவாதின் மாமா பட்டனைத் தடவிக்கொண்டே, "கூட்டம் கலைஞ்சது" என்றார். பிறகு கோட்டிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இதுல ஒரு நகல் எடுத்து வெச்சுக்க."

"இனிமே எதுக்கு மாமா?"

பெர்ஸா அக்காதான் முதலில் கைதட்டினார். ஃப்ரீஸரில் இருக்கிற ஆட்டிலிருந்து ஒரு தொடை எங்களுக்கு என்று அங்கேயே அறிவித்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பயம். யூனிட்டுக்கு நேரே உள்ள ஜன்னல்களை நிரந்தரமாகக் கழற்ற வேண்டும் என்று சிரா மாஸ்டர் சொன்னார். திறந்து வைப்பதை நம்ப முடியாது, யாராவது சாத்திவிடுவார்கள் என்றார், பெரியம்மாவைப் பார்த்தபடி. அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கிற மாதிரி அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னார். ஒரே மூச்சில் சொன்னேன்: உங்க கண்ணாடி ரொம்ப நல்லா இருந்துச்சு அப்பா, அதுதான் தப்பாப் போச்சு, ரொம்ப நல்லா இருந்ததுதான்.

லின்ஸில் எங்கேயோ ஒரு கான்கிரீட் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு இப்ப கண்ணு எப்படி?" என்று கேட்டார்.

"ஜிவாதின் மாமாவோட பட்டன் தெரியுது. அறையோட அந்தக் கோடியிலேந்து."

மறுபடி மெஷின் சத்தம். பிறகு அப்பா பெரிதாக மூக்கை உறிஞ்சினார். "எத்தன ஜன்னல் கழட்டணும்னான் மாஸ்டர்?"

"ரெண்டு."

"மூணாக் கழட்டு. டேய் ஜிவாதின், அங்க நிக்கறியா? கேட்டியா? நான் அடைச்சத என் பொண்ணு திறந்துட்டா!" அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஜெர்மனில் ஏதோ கத்துவதும், யாரோ விசில் அடிப்பதும் கேட்டது.

மூன்று ஜன்னல்களையும் ஜிவாதின் மாமாவும் மாஸ்டரும் தோளில் சுமந்து நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். நான் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். படியில் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

மெழுகுவத்தியைப் பெரியம்மா வெந்நீரில் காட்டி மேஜைமேல் உருட்டி நிமிர்த்தியிருக்கிறார். முழுக்க நேராகவில்லை, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அதையேதான் டிசம்பரில் ஏற்ற வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இப்போதும் நான் தூங்கவில்லை. அடுத்த அறையில் ஏசி ஓடுகிறது. அவ்வப்போது அது கொஞ்சம் ஓய்வெடுத்து, சத்தம் அடங்கும். அந்த ஒரு கணம் மட்டும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். திரும்ப 'ம்ம்ம்' என்று கிளம்பும்போது விடுகிறேன். இதோ, இப்போது அடங்கியது.

கிளம்பிவிட்டது.